மாறன் இட்ட முட்டைகள்

கார்த்தி,

பத்து மாதம் என் வீட்டில், என் கையால் தீனி வாங்கித் தின்ற ஓர் உயிர் ஆணா பெண்ணா என்று ஒருநாள்கூடத் திருப்பிப் பார்க்க எனக்கு ஏன் தோன்றவில்லை? விலங்கியல் படித்தவள் நான். பன்னிரண்டாம் வகுப்புக்கு இனப்பெருக்கப் பாடத்தை வருடா வருடம் நடத்துகிறவள். முன் பெஞ்சுப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கும்போது, "இதுல சிரிக்க என்ன இருக்கு, நிமிர்ந்து படத்தைப் பாரு" என்று அதட்டுகிறவள். அப்படிப்பட்டவள் ஏன் பார்க்கவில்லை? முந்தாநாள் காலையிலிருந்து இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பதில் தெரியவில்லை. தெரிந்தபிறகு எழுதலாம் என்று இருந்தால் இந்தக் கடிதத்தை எழுதவே மாட்டேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். மாறன் முட்டையிட்டிருக்கிறது. பவளம் இல்லை, மாறன். நீ ஆண் பாம்பு என்று சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டுப் போன மாறன்.

விடைத்தாள் திருத்தும் முகாம் முடிந்து, நான் வீட்டில் இருந்த முதல் காலை. அடுப்பில் பால் வைத்திருந்தேன். மேல் அறையில் பாம்புப் பெட்டிகளுக்குத் தண்ணீர் மாற்றப் போன தேன்மொழி பாதிப் படியில் நின்று கூப்பிட்டாள். "அத்த, கொஞ்சம் மேல வாங்களேன்." குரல் சரியாக இல்லை. என்ன என்று கேட்டேன். "மாறன் முட்ட வெச்சிருக்கான்" என்றாள். "பவளம்னு சொல்லு" என்றேன், திருத்தும் முகாமிலிருந்து வந்த வேகத்தில். "அது சும்மா சுருண்டுகினு கெடக்குது அத்த. மாறன்தான். தண்ணிக் கிண்ணத்துல கெடக்குது முட்ட." நான் அடுப்பை அணைக்காமலே போயிருக்கிறேன். பால் பொங்கி வழிந்திருந்ததை உன் அப்பாதான் பிறகு துடைத்தார்.

உரித்த பெரிய பூண்டுப் பற்களைப் போல நீண்டு, வெள்ளையாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. பாதி தண்ணீருக்குள், பாதி பெட்டியில் விரித்திருந்த காகிதத்துக்கு அடியில். மாறன் அவற்றைச் சுற்றிக்கொண்டு, விலா ஒட்டி, தோல் மடிந்து, பழைய இடுப்புவார் மாதிரி கிடந்தது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உனக்குத் தெரியும், நான் எதற்கும் உட்காருகிறவள் இல்லை. உன் தாத்தா இறந்த சேதி வந்த அன்றும் நின்றுகொண்டேதான் பேசினேன். தேன்மொழி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அத்த, ஒங்களுக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் இல்லை. எனக்கு எப்போதுமே ஒன்றும் இருந்ததில்லை.

பிறகு செய்ததைப் பத்து மாதத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டும். இரண்டையும் எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வாலைப் பார்த்தேன். கழிவுத் துளைக்குக் கீழே வால் தடித்து நீண்டு போனால் ஆண். சட்டென்று ஒடுங்கிவிட்டால் பெண். பழகியவர்கள் இன்னும் நுட்பமாகச் சோதிப்பார்கள், ஆனால் இந்த இரண்டுக்கும் அதுகூடத் தேவைப்படவில்லை. ஒரு பார்வை போதும். பவளத்தின் வால் தடியாக நீண்டிருந்தது. மாறனுடையது ஒடுங்கியிருந்தது. கடைக்காரன் உன்னிடம், "பெருசு பொண்ணு, சிறுசு பையன்" என்றான். நீ என்னிடம் அதையே சொன்னாய். நான் தேன்மொழியிடம் சொன்னேன். பெட்டிகளின் மேல் பெயர் எழுதி ஒட்டியதும் நான்தான். ஒருவரும் பார்க்கவில்லை.

சின்ன வயதில் நீ ஏரியிலிருந்து டிபன் பாக்ஸில் ஒரு பாம்பைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாயே, நினைவிருக்கிறதா? தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். டப்பாவைத் திறக்காமலே, "அது தண்ணிப் பாம்பு சார், விஷம் இல்ல" என்றேன். திறந்தபோது தண்ணீர்ப் பாம்பாகத்தான் இருந்தது. "டீச்சர்னா டீச்சர்தான்" என்று அவர் மெச்சினார். எனக்கும் பெருமையாக இருந்தது. பார்க்காமல் சொன்னது சரியாகிப்போவதைவிடப் பெரிய கெடுதல் ஒருவருக்கு வர முடியாது என்று இப்போது நினைக்கிறேன். அதற்கப்புறம் பார்க்கவே தோன்றுவதில்லை.

இவற்றை இனப்பெருக்கம் செய்ய வைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டது நீ. பெங்களூரில் வீட்டுக்காரர் பாம்பு கூடாது என்று சொல்லிவிட்டதால் இங்கே கொண்டுவந்து விட்டாய். அடுத்த மாதமே தேன்மொழியும் வேலையை விட்டுவிட்டு வந்தாள். குழந்தைப்பேறு வைத்தியத்துக்குச் சேலம் ஆஸ்பத்திரி இங்கிருந்துதான் பக்கம் என்று நாம் எல்லோரும் பேசி முடிவெடுத்தோம். பாம்புகளும் மருமகளும் ஒரே வருடத்தில் வந்ததைத் திருநாவலூரிலிருந்து வந்த உன் குமுதா அத்தை சேர்த்துப் பார்க்காமல் இருப்பாளா? மேல் அறை வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வராமல் சொன்னாள்: "பாம்ப பொட்டியில போட்டு மூடி வெச்சிகினு, வயித்துல ஒரு புழு பூச்சி உண்டாவலன்னா எப்படி அண்ணி உண்டாவும்? நாகதோஷம் வேற இன்னா?"

"இது அமெரிக்காப் பாம்பு குமுதா. நம்ம ஜாதகம்லாம் அதுக்குத் தெரியாது" என்றேன்.

"எந்த ஊரு பாம்பா இருந்தா இன்னா? பாம்பு பாம்புதான். அதுங்க ரெண்டும் சேந்து வம்சம் பெருகிச்சின்னு வெச்சிக்கங்க, தோஷம் தானா வெலகிடும்."

நான் சிரித்தேன். தேன்மொழி சிரிக்கவில்லை. அதைக் கவனித்தேன். மறுநாளிலிருந்து பெட்டிகளைத் துடைப்பதும், ஈரப்பதம் பார்ப்பதும், ஃப்ரீசரில் உறைந்த தீனி எலிகளை எடுத்து இளக வைப்பதும் அவள் வேலையாகிவிட்டது. பாம்பைக் கண்டால் கட்டில்மேல் ஏறுகிறவள் ஒரு மாதத்தில் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு துணி மடித்தாள். அவள் எதற்காகச் செய்கிறாள் என்று எனக்குத் தெரியும். தோஷத்தில் எனக்கு நம்பிக்கையில்லை என்று சொல்லிக்கொண்டே, அவள் நம்பட்டும் என்று விட்டுவிட்டேன். உனக்கும் அது வேடிக்கையாக இருந்தது. "தேனு பாம்புக்கு அம்மாவாயிட்டா" என்று குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டாய்.

குளிர் காட்டினால்தான் இணையும் என்று நீ சொன்னாய். கள்ளக்குறிச்சியில் மார்கழியிலும் மின்விசிறி ஓடுகிறது. அதனால் கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குக் கொண்டுபோனோம். மேலே பள்ளியில் வேலை பார்க்கும் சகுந்தலா டீச்சர் வீட்டில், சாமை மூட்டை போட்டிருந்த பின்னறையை ஒழித்துக் கொடுத்தாள். "பொண்ணு மாப்ளய ஹனிமூனுக்குக் கூட்டிகினு வர்ற மாமியார இப்பத்தான் பாக்குறேன்" என்று கேலி செய்தாள். பெட்டிகளைச் சாக்கால் மூடி, இருட்டில் வைத்து, தீனி இல்லாமல் தண்ணீர் மட்டும் கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் தேன்மொழியும் ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வருவோம். தை முடிந்ததும் கீழே இறக்கினோம். வளைவுகளில் கார் திரும்பும்போதெல்லாம் மடியிலிருந்த பெட்டியை இறுக்கிக்கொண்டு வந்தவள், கோமுகி அணை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் கேட்டாள்: "அத்த, இவ்ளோ பண்ணியும் இதுங்களுக்கு ஆவலன்னா, யாருக்குக் கொறன்னு சொல்லுவாங்க?"

நான் பாடம் நடத்தினேன். பெண்ணுக்கு வயது போதாமல் இருக்கலாம், எடை போதாமல் இருக்கலாம், முட்டை உருவாகாமல் போகலாம், உருவான முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளலாம் என்று சொன்னேன். சொன்ன காரணம் எல்லாம் பெண்ணுக்கு. அவள் "ஓ" என்றாள். அந்த "ஓ" எனக்கு முந்தாநாள்தான் காதில் விழுந்தது.

கீழே வந்தபிறகு செய்ததைச் சொல்கிறேன், கேள். முட்டையிடப்போகிறவள் என்று பவளத்துக்குப் பெரிய எலியாகப் பார்த்துப் போட்டோம். அது தின்றபிறகு மிச்சமிருக்கும் சின்னது மாறனுக்கு. "ஆம்பளதானே, கம்மியா இருந்தா போதும்" என்று நானே சொன்னேன். இந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு முதல் பரிமாறல் நடந்தது அதுதான் முதல் தடவை, அதுவும் ஆள் மாறிப்போனது. பவளம் கொழுத்தது. வயிற்றைத் தடவிப் பார்த்து, முட்டைதான் என்று இருவரும் முடிவுகட்டினோம். தேங்காய் நார்த்தூளை நனைத்துப் பிழிந்து, மூடியில் துளையிட்ட டப்பாவில் நிரப்பி, முட்டையிட இடம் என்று அதன் பெட்டியில் வைத்தோம். மாறனுக்கு அப்படி ஒன்றும் வைக்கவில்லை. எதற்கு வைப்போம்?

இணை சேரவிட்ட அன்று நடந்ததையும் சொல்லவேண்டும். ஆண்தான் துரத்தும் என்று நீ அனுப்பிய வீடியோவில் இருந்தது. இங்கே பவளம் துரத்தியது. உடம்பு வெட்டி வெட்டி இழுக்க, மாறன்மேல் ஏறி ஏறிப் போனது. மாறன் பெட்டி மூலைக்கு மூலை நழுவியது. தேன்மொழி வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தாள். "பவளத்துக்குத்தான் அத்த அவசரம். மாறன் ஒங்க புள்ள மாரி. ஓடி ஓடி ஒளியறான் பாருங்க." நானும் சிரித்தேன். இந்தக் காலத்துப் பெண் என்று ஏதோ சொன்னேன். கண்ணெதிரே நடப்பது ஒன்றாகவும் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயர் வேறாகவும் இருந்தபோது, நான் பெயரை நம்பினேன்.

பிறகு மாறன் தீனியை மறுத்தது. பின்னுடல் வீங்கியது. மலச்சிக்கல் என்றேன். வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டேன். குமுதா விளக்கெண்ணெய் கொடுக்கச் சொன்னாள். நல்லவேளை, அதை மட்டும் செய்யவில்லை. ஒரு சினைப் பாம்பை வைத்துக்கொண்டு மலச்சிக்கலுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன். நார்த்தூள் இருந்திருந்தால் அது அங்கே போய் இட்டிருக்கும். ஈரம் தேடித் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் இட்டுவிட்டது. மூழ்கியவை கெட்டுவிட்டன. மிச்சத்தைப் புரட்டாமல் எடுத்து, மேல்பக்கம் எது என்று பென்சிலால் புள்ளி வைத்து, தெர்மாகோல் பெட்டியில் வைத்திருக்கிறோம். பொரிக்க வைக்கத் தனியாகச் சூடு காட்ட வேண்டியதில்லை. நம் சித்திரை வெயிலைத் தணித்துக் கொடுத்தால் போதும். மாறனுக்குள் இன்னும் ஒன்று தங்கியிருக்கிறது. விரலுக்குத் தட்டுப்படுகிறது. இளைத்த உடம்பு, தள்ளத் தெம்பில்லை. போனில் பேசிய கால்நடை மருத்துவர், "பிதுக்கக் கூடாது மேடம், உள்ளயே கிழிஞ்சிடும், இருட்டுல ஈரத்துல விட்டுட்டு ரெண்டு நாள் பாருங்க" என்றார். பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சேதி கேட்டு ஓடிவந்த குமுதா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "ஆம்பளப் பாம்பு முட்ட வெச்சிடுச்சா! கலி முத்திப்போச்சி அண்ணி!" அது ஆண் இல்லை, நாங்கள்தான் தப்பாக நினைத்திருந்தோம் என்றேன். அவள் பெட்டியைப் பார்த்தாள். "அப்பன்னா தோஷம் வெலகுமா, வெலகாதா?" என்று கேட்டாள். தேன்மொழி எழுந்து கீழே போய்விட்டாள்.

பாம்பைப் பற்றி எழுத உட்கார்ந்தவள் இல்லை நான் என்று உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், உன் சிரிப்பில் நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் கடிதம்.

சேலத்தில் முதல் தடவை காட்டியபோது அந்த டாக்டரம்மா கேட்டார்: "ஹஸ்பெண்ட் ரிப்போர்ட் எங்க?" தேன்மொழி என்னைப் பார்த்தாள். நீ லேபில் கூட்டம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அவளிடம் சொல்லியிருந்தாய் போல. எனக்கு அது தெரியாது. தெரியாமலே நான் பதில் சொன்னேன். "அவனுக்கு ஒண்ணும் இல்லீங்க." டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதும் அவருக்குத் தெரியும். எதிரே இருக்கிற தாளில் ஏதோ எழுதிவிட்டு, தேன்மொழிக்குச் சோதனைகளை எழுதிக் கொடுத்தார். அதற்கப்புறம் அவரும் ஒன்றிரண்டு தடவை கேட்டார். நானும் ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னேன். டிபன் பாக்ஸைத் திறக்காமல் சொன்ன அதே குரல்.

அந்தப் பெண்ணை நான் எத்தனை கோயிலுக்கு, எத்தனை ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன் என்று உனக்குத் தெரியாது. கருக்குழாய்ச் சோதனை அன்று அவள் என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் நெளிந்தது. வீடு வரும்வரை காரில் குப்புறக் குனிந்தே வந்தாள். மாத்திரையால் அவளுக்கு முகம் உப்பி, முடி கொட்டிவிட்டது. மணலூர்பேட்டையிலிருந்து வந்த அவள் அம்மா அவளைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் பேசாமல் காபி குடித்துவிட்டுப் போனாள். வருகிற திங்கட்கிழமை வயிற்றில் துளைபோட்டுப் பார்க்கப்போகிறார்கள். மயக்க மருந்து கொடுத்து. அதற்குத் தேதி வாங்கியதும் நான்தான். இத்தனைக்கும் அவள் அறிக்கை எதிலும் பெரிய குறை என்று எழுதவில்லை. குறை தெரியவில்லை என்பதால்தான் இன்னும் ஆழமாகத் தேடுகிறார்களாம். தேடாத இடம் ஒன்று இருக்கிறது, கார்த்தி. அங்கே தேட ஊசிகூட வேண்டாம்.

உனக்குக் குறை இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. இந்த ஒரு வார்த்தையை டாக்டரிடம் அந்த முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். பாம்பு விஷயத்தில் பெயர் மாறியது போல இதுவும் மாறியிருக்கும் என்று நினைக்கிற மூடநம்பிக்கையும் எனக்கு இல்லை. அப்படி நினைத்தால் நானும் குமுதாவும் ஒன்று. நான் சொல்வது இவ்வளவுதான்: பார்க்கவில்லை. பார்க்காமல், பார்க்க வேண்டியதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறோம். இரண்டு பேர் செய்கிற காரியத்தில் ஒருத்தியின் உடம்பை மட்டும் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். வீட்டில் விலங்கியல் தெரிந்தவள் ஒருத்தி இருந்தும் இது நடந்தது. இருந்ததால்தான் நடந்தது என்றும் தோன்றுகிறது.

உன் அப்பாவிடம் நேற்றுச் சொன்னேன். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். "நம்ம பையனுக்கு இன்னா கொறச்சலு?" என்றார். "தெரியாது" என்றேன். "இன்னாம்மே, பெத்தவளே இப்படிப் பேசற?" என்றார். பெத்தவள்தான் பேசவேண்டும். வேறு யார் பேசினாலும் நீங்கள் சண்டைக்குப் போவீர்கள்.

திங்கட்கிழமை அவளை அனுப்பமாட்டேன். நீ வரவேண்டும். வெட்கமாக இருக்கும், ஒரு சின்னக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நிற்கக் கூச்சமாக இருக்கும். அவள் எத்தனை கதவுகளுக்கு வெளியே எத்தனை பேர் பார்க்க நின்றாள் என்பதை நினைத்துக்கொள். முடிவு எதுவானாலும் நீ என் பிள்ளை. ஆனால் இனி உனக்காக நான் பதில் சொல்லமாட்டேன். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புவேன். அவளைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் போதுமான அளவு பேசிவிட்டோம்.

மறுநாள்.

காலையில் பெட்டியைத் திறந்தபோது தங்கியிருந்த முட்டை வெளியே கிடந்தது. மஞ்சளாக, சுருங்கி, அது பொரிக்காது. மாறன் தண்ணீர் குடித்தது. தீனி எடுக்கவில்லை. பிழைக்கும் என்று மருத்துவர் சொல்கிறார், நான் சொல்லவில்லை.

தேன்மொழி சமையலறையில் நின்றபடியே கடிதத்தைப் படித்தாள். மெதுவாக, திரும்பிப் போய்ப் போய்ப் படித்தாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். படித்து முடித்து, தாள்களை அடுக்கி, ஒரு தாளை மட்டும் உருவி என் முன்னால் வைத்தாள். "அத்த, கோயிலுக்கும் ஸ்கேனுக்கும் கூட்டிக்கொண்டு போனேன்னு எழுதியிருக்கீங்க." ஆமாம் என்றேன். "இழுத்துக்கினு போனேன்னு எழுதுங்க." நான் பேனாவை எடுத்தேன். எடுத்தபிறகு, அடித்துத் திருத்த வேண்டாம், அவள் சொன்னதாக இங்கே எழுதிவிடுகிறேன் என்றேன். சரி என்றாள்.

பிறகு என் போனை எடுத்து அவளே சேலத்துக்குப் பேசினாள். ஸ்பீக்கரில் போட்டாள், நான் கேட்கவேண்டும் என்றுதான்.

"திங்கக்கெழம டோக்கன் இருக்குதுங்க. கேன்சல் வேணாம். பேரு மட்டும் மாத்தணும்."

"பேஷண்ட் பேரு சொல்லுங்க."

உன் பெயரைச் சொன்னாள்.

"அது ஹஸ்பெண்ட் பேரு இல்லீங்களா மேடம்? பேஷண்ட் பேரு கேட்டேன்."

"அதாங்க பேஷண்ட் பேரு" என்றாள் தேன்மொழி.

அந்தப் பக்கம் தட்டச்சு செய்கிற ஓசை கேட்டது.